பாடப்புத்தகத்தை நடுவில் திறந்து பாருங்கள்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிறோம் என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி "ஏன்?" என்பது. அதற்குப் பதில் சொல்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. இரண்டாவதாக ஒரு கேள்வி வரும், பெரும்பாலும் தாங்களும் அதே யோசனையில் இருப்பவர்கள் குரலைத் தணித்துக்கொண்டு கேட்பது: "அப்போ எந்தப் புத்தகத்தை வைத்து நடத்துகிறீர்கள்?" இந்தப் பதிவு அவர்களுக்காக.

ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம், கேட்பவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் ஓடுகிற புத்தகம் உங்கள் வீட்டில் ஓடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பிள்ளை வேறு என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம். நடத்துகிற ஆளும் வேறு என்பதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாடத்திட்டம் தேட உட்காரும்போது பிள்ளையின் வயது, வேகம், ஆர்வம், எதைப் பார்த்தால் ஓடுகிறான், எதைப் பார்த்தால் ஒட்டிக்கொள்கிறான் என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். அதைத் தினமும் கையில் எடுத்து உட்காரப் போகிறவரைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டோம். அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, கணக்கு என்றாலே உதறுமா, முந்தின ராத்திரி உட்கார்ந்து அட்டை வெட்டித் தயார் செய்கிற பொறுமை உண்டா, இல்லை புத்தகத்தைத் திறந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று வரிக்கு வரி எழுதியிருந்தால்தான் வண்டி ஓடுமா? இதற்கு ஒளிவு மறைவில்லாமல் பதில் சொல்லிவிட்டால் சந்தையில் கிடைப்பதில் முக்கால்வாசி தானாகக் கழிந்துவிடும்.

சரி, மீதிக் கால்வாசியை எப்படிப் பார்ப்பது? பதிப்பகங்கள் எல்லாம் மாதிரிப் பக்கங்கள் என்று ஒரு பிடிஎஃப் கொடுப்பார்கள். அதில் அநேகமாக முதல் பாடம்தான் இருக்கும். முதல் பாடம் துணிக்கடை வாசலில் நிற்கிற பொம்மை மாதிரி, அதற்கு எந்தச் சட்டையும் பொருந்தும். வருஷத்தின் நடுவில் வருகிற ஒரு பாடத்தைக் கேட்டு வாங்குங்கள், மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் பலர் அனுப்புவார்கள். கணக்கு என்றால் பின்னம், நீள்வகுத்தல், வார்த்தைக் கணக்கு, இந்த மூன்றில் ஒன்று. அந்த ஒரு பாடத்தைப் படிப்பதோடு நிறுத்தாமல் பிள்ளையை உட்கார வைத்து நடத்தியே பாருங்கள். விமர்சனங்கள் படிப்பதை விட இந்த அரை மணி நேரம் அதிகம் சொல்லும்.

ஒரு உதாரணம். என் மகளுக்குக் கணக்குப் புத்தகம் தேடியபோது இரண்டு புத்தகங்கள் கடைசிச் சுற்றுக்கு வந்தன. இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே கேள்வி: கவினிடம் இருப்பதைப் போல மூன்று மடங்கு மணிகள் மலரிடம் இருக்கின்றன, இருவரிடமும் சேர்த்து 48 மணிகள், மலரிடம் எத்தனை? முதல் புத்தகம் ஒரு வழி சொல்லித் தந்தது. மடங்கோடு ஒன்றைக் கூட்டு, மொத்தத்தை அதனால் வகு, பிறகு மடங்கால் பெருக்கு. அதற்குக் கீழே அதே அச்சில் ஒரு பக்கம் நிறையக் கணக்குகள். எண் மட்டும் மாறும். இரண்டாவது புத்தகத்தில் விதி எதுவும் இல்லை. கவினுக்கு ஒரு கட்டம், மலருக்கு அதே அளவில் மூன்று கட்டம் வரையச் சொல்கிறது. மொத்தம் நான்கு கட்டம், நான்கும் சேர்ந்து 48, அப்படியானால் ஒரு கட்டம் 12, மலருக்கு 36. இதுவரை பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றலாம். அடுத்த கேள்வியில்தான் விஷயம் இருந்தது: மலர் எத்தனை மணியைக் கவினுக்குக் கொடுத்தால் இருவரிடமும் சமமாக இருக்கும்? படம் வரைந்த பிள்ளை ஒரு கட்டத்தை விரலால் அப்படியே இந்தப் பக்கம் தள்ளிவிட்டு "பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டது. விதியை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இந்தக் கேள்விக்கு இன்னொரு விதி வேண்டும். முதல் புத்தகத்தில் அந்த விதி எழுபது பக்கம் தள்ளி நிஜமாகவே இருந்தது!

கட்டம் போட்டு யோசிக்கிற இந்த முறை சிங்கப்பூர் கணக்கு என்ற பெயரில் உலகமெல்லாம் பரவியது. சிங்கப்பூர் கல்வித் துறை 1980-களில் தன் பள்ளிகளுக்காக உருவாக்கிய புத்தகங்களிலிருந்து வந்தது. முதலில் கையில் தொட்டுப் பார்க்கிற பொருள், அடுத்து படம், கடைசியில்தான் எண்ணும் குறியும் என்ற அந்த வரிசைக்கு அடிப்படை ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் எழுதியது. இப்போது நிறையப் பேர் அட்டையில் சிங்கப்பூர் முறை என்று போட்டுக்கொள்கிறார்கள். உள்ளே புரட்டினால் படம் அலங்காரத்துக்கு இருக்கும், கணக்கு பழையபடி விதியில் நடக்கும். அட்டையை நம்பாதீர்கள், படத்தை எடுத்துவிட்டால் பாடம் நிற்கிறதா விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் நல்ல புத்தகம்.

அப்புறம் ஆசிரியர் கையேடு. மாணவர் புத்தகத்தை விட இதைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். சில கையேடுகள் விடைப் பட்டியலுக்கு மேல் எதுவும் இல்லாதவை, அவற்றுக்குக் காசு கொடுப்பது வீண். சில கையேடுகள் "மாணவர்களுடன் கலந்துரையாடுக" என்று மட்டும் எழுதி நம்மைத் தனியே விட்டுவிடும், அவை முப்பது பேர் வகுப்பில் நிற்கிற பயிற்சி பெற்ற ஆசிரியருக்காக எழுதப்பட்டவை. நல்ல கையேடு எது தெரியுமா? பிள்ளை எந்தத் தப்பான விடையைச் சொல்லும் என்று முன்கூட்டியே எழுதியிருப்பது. மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பல பிள்ளைகள் 48-ஐ மூன்றால் வகுத்து 16 என்பார்கள். "16 என்று சொன்னால் கவினின் கட்டம் எங்கே என்று கேளுங்கள்" என்று ஒரு வரி கையேட்டில் இருந்தால், அதை எழுதியவர் நிஜமான பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு அந்த ஒரு வரி போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

கல்வித் தத்துவங்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் தேட ஆரம்பித்ததும் அந்தப் பெயர்கள்தான் மழை போல விழும். சார்லட் மேசன் (1842–1923) இங்கிலாந்துக்காரர். குட்டிக் குட்டிப் பாடங்கள், சாரமுள்ள நல்ல புத்தகங்கள், ஒரே முறை வாசித்துவிட்டுப் பிள்ளையைத் தன் வார்த்தையில் திரும்பச் சொல்ல வைப்பது, வெளியில் போய் இயற்கையைப் பார்ப்பது என்று அவர் வழி. பிள்ளை தானே கையாண்டு கற்கும் மரப் பொருட்களுக்குப் பேர் போன மாண்டிசோரி 1907-ல் ரோமில் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் குழந்தைகள் பள்ளியைத் தொடங்கியவர். இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்று மூன்று படிகளில் போகும் செவ்வியல் கல்விக்காரர்கள் தனிக் கூட்டம். ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1947-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையை அவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவார்கள். பாடத்திட்டமே வேண்டாம், பிள்ளை தானாகக் கற்கும் என்றவர் ஜான் ஹோல்ட், 1977-ல் அதற்கென்றே ஒரு பத்திரிகை நடத்த ஆரம்பித்தார். எல்லாரிடமும் எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. ஆனால் முதலில் கட்சி சேர்ந்துவிட்டு அப்புறம் புத்தகம் தேடாதீர்கள். கட்சி சேர்ந்துவிட்டால் அந்த முத்திரை குத்திய எல்லாமே நன்றாகத் தெரியும், மரத்தில் செய்த பொருள் என்றால் இரண்டு பங்கு விலை கொடுத்தும் வாங்கத் தோன்றும்.

மாண்டிசோரி பொருட்களில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம், தேர்வு செய்வதற்கு அது ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒன்று உண்டு. பத்துக் கனசதுரங்கள், மிகப் பெரியது 10 சென்டிமீட்டர் பக்கம், அங்கிருந்து ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் குறைந்து கடைசியில் 1 சென்டிமீட்டர். பிள்ளை வரிசை தப்பி அடுக்கினால் கோபுரமே காட்டிக் கொடுத்துவிடும், பக்கத்தில் நின்று நாம் தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பொருளை வாங்கும்போதும் இதை நினைத்துக்கொள்வேன்: தப்பைக் கண்டுபிடிக்கிற வேலையைப் பொருளே செய்கிறதா, இல்லை ஒவ்வொரு வரிக்கும் அம்மாவோ அப்பாவோ வந்து டிக் அடிக்க வேண்டுமா? இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே மேசையில் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமே இல்லை.

அடுத்ததாகச் சுருள் முறை, முழுமைத் தேர்ச்சி முறை என்ற பிரிவு. சுருள் முறையில் ஒரே தலைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு படி ஆழமாக. முழுமைத் தேர்ச்சியில் ஒரு தலைப்பை எடுத்தால் அது வசப்படும் வரை அதுதான். சுருள் புத்தகத்தில் பாதி கற்ற பிள்ளை அடுத்த தலைப்புக்குத் தாவிவிடுகிறது என்று புலம்புவார்கள், மற்றதில் பின்னமே இரண்டு மாதம் ஓடி எல்லாருக்கும் சலித்துவிடுகிறது என்பார்கள். இரண்டுமே உண்மைதான். இதில் எது உயர்ந்தது என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. பழைய பாடம் மறுபடி எத்தனை தடவை, எப்படிக் கேட்கப்படுகிறது என்று மட்டும் பார்ப்பேன். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்களும் வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆக, இன்றைய பாடத்தில் போன வாரக் கேள்வி, போன மாதக் கேள்வி கலந்து வருகிறதா? வந்தால் புத்தகம் உங்கள் வேலையில் பாதியைச் செய்கிறது. வராவிட்டால் அந்தக் கலவையை நீங்களே செய்ய வேண்டும், அதற்குத் தயார் என்றால் வாங்குங்கள்.

கண்ணால் கற்கும் பிள்ளை, காதால் கற்கும் பிள்ளை, கையால் கற்கும் பிள்ளை என்று ஒரு வினாடி வினா வைத்து அதற்கேற்பப் பொட்டலம் கட்டி விற்பவர்களும் உண்டு. 2008-ல் பாஷ்லர் தலைமையில் நான்கு உளவியலாளர்கள் இது பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, பிள்ளையின் கற்றல் பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். பிள்ளைக்குப் பிடித்தது என்ன என்று கவனிப்பது வேறு, ஒரு வினாடி வினாவை நம்பிப் பிள்ளைக்கு வாசிப்பே வேண்டாம் என்று முடிவெடுப்பது வேறு. வரைபடத்தைக் காதால் கற்க முடியாது, கவிதையைக் கேட்காமல் கற்க முடியாது. பாடத்துக்கு ஏற்ற வழியைப் பாருங்கள்.

தமிழுக்கு வருவோம், இங்கேதான் தேடல் கஷ்டமானது. ஆங்கிலத்தில் படிப்பு ஓடுகிற வீடுகளில் தமிழ் வாரக் கடைசிக்குத் தள்ளப்பட்டு, அங்கேயும் அ, ஆ, இ, ஈ என்று அட்டவணையைத் தேய்ப்பதிலேயே ஒரு வருஷம் போய்விடும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, மொத்தம் 247 என்று சுவரில் ஒட்டினால் பிள்ளை மிரளாமல் என்ன செய்யும்? உண்மையில் அடிப்படை எழுத்துகளும் உயிர்க்குறிகளும் தெரிந்துவிட்டால் மீதி பெரும்பாலும் சேர்க்கைதான், உகர ஊகார வரிசை மட்டும் கொஞ்சம் தண்ணி காட்டும். அதனால் வரிசையைப் பார்த்துப் புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். அகர வரிசையில் தொடங்கும் புத்தகத்தில் முதல் வாரமே இ, ஈ வந்து நிற்கும். இ-யின் வளைவை ஐந்து வயசுக் கை எழுதுவது லேசான வேலை இல்லை. ட, ப, ம என்று எழுத எளிதான எழுத்துகளில் தொடங்கும் புத்தகங்களும் இருக்கின்றன. மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். கால் போடக் கற்றுக்கொண்டால் பாடம், மாடம், டப்பா. முதல் சில நாட்களிலேயே ஒரு முழுச் சொல்லைத் தானாக வாசித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் மறுபடி அட்டவணைப் பக்கம் போக மாட்டார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ககரம் 'கல்'லில் ஒரு மாதிரி, 'தங்க'த்தில் ஒரு மாதிரி, 'பகலி'ல் ஒரு மாதிரி ஒலிக்கிறது. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை இதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். அவ்வளவாகக் கேட்காத பிள்ளை மூன்றையும் ஒரே மாதிரி வாசிக்கும். சொல்லின் முதலில் வன்மையாக, மெல்லினத்துக்குப் பின் வேறாக, நடுவில் தனியாக வந்தால் மென்மையாக என்று புத்தகம் எங்காவது சொல்கிறதா, அல்லது ஒலிப்பதிவாவது சேர்த்துத் தருகிறதா? நான் புரட்டிய பலவற்றில் இதற்கு ஒரு பக்கம் கூட ஒதுக்கவில்லை. கதைப் புத்தகங்களுக்குப் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் நல்ல இடம். தமிழ்க் கதைகள் நிலை வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும், திறந்த உரிமத்தில் இருப்பதால் இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு 1998-லிருந்து நடக்கும் மதுரைத் திட்டத்தில் ஔவையார் தொடங்கிப் பழைய நூல்கள் எல்லாம் இலவசமாக இருக்கின்றன. அவை மூலம் மட்டுமே, பாடமாக்குவது உங்கள் வேலை.

இலவசம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காசே செலவழிக்காமல் முழுக் கல்வியும் கொடுக்கலாம் என்று சிலர் எழுதுகிறார்கள், அது பொய் இல்லை. காணொளிப் பாடங்களும் பயிற்சிகளும் தரும் கான் அகாடமி இருக்கிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012-லிருந்து பாடநூல்களை இலவசமாகத் தருகிறது, ஆனால் பெரும்பாலும் கல்லூரி மட்டம். வடிவியலுக்கு ஜியோஜீப்ரா, நிரல் எழுதப் பழக எம்ஐடியின் ஸ்க்ராட்ச். பழைய ஆங்கில நூல்களை இணையத்தில் தரும் கூட்டன்பர்க் திட்டம் 1971-லேயே தொடங்கியது, 2005-ல் வந்த லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிநூல்கள். இவ்வளவும் இருந்தும் எங்கே சிக்கல்? இவையெல்லாம் துண்டுகள். திங்கட்கிழமை எது, அதற்கு அடுத்து எது, எதைத் தெரிந்துகொண்ட பிறகு எதைத் தொடலாம் என்ற வரிசைதான் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. அந்த வரிசையையும் இலவசமாகப் பெற ஒரு வழி உண்டு. பல நாடுகளின் கல்வித் துறைகள் தங்கள் பாடத்திட்ட ஆவணத்தைப் பொதுவில் வைத்திருக்கின்றன. பிடித்த ஒன்றை இறக்கி முதுகெலும்பாக வைத்துக்கொண்டு துண்டுகளை அதில் கோர்க்கலாம். வேலை அதிகம். நேரம் இருப்பவர்களுக்கு இது, நேரம் இல்லாதவர்களுக்குக் காசு.

அறிவியலுக்கு நான் தயங்காமல் சொல்வது கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் மாதிரிகள், கணினித் திரையிலேயே சோதனை செய்து பார்க்கிறவை. இயற்பியலுக்கு நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது. அதில் மின்சுற்று கட்டுகிற ஒரு மாதிரி உண்டு. என் மகன் அதில் பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரே கம்பியால் நேராக இணைத்தான், திரையில் பேட்டரி தீப்பிடித்தது. அதே தீயை வர வைக்க என்னென்ன வழி, வராமல் தடுக்க எங்கே பல்பை வைக்கலாம் என்று அன்று முழுக்க அவனே நடத்திக்கொண்டான். குறும்மின்சுற்று என்ற சொல்லை நான் அதற்கு அப்புறம்தான் சொன்னேன். ஆனால் அதோடு விடாதீர்கள். ஒரு நிஜ பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, இரண்டு கம்பி, இதைக் கையில் கொடுத்தால்தான் கம்பி சரியாகத் தொடாவிட்டால் பல்பு எரியாது என்ற, திரை சொல்லாத பாடம் வரும்.

அறிவியலிலும் வரலாற்றிலும் இன்னொரு சோதனை அவசியம். ஆங்கிலத்தில் வீட்டுக்கல்விக்கென்றே எழுதப்பட்ட பாடநூல்களில் கணிசமானவை அமெரிக்காவில் மத நம்பிக்கையை அடிப்படையாக வைத்து வந்தவை. அதில் ரகசியம் ஒன்றும் இல்லை, பெரும்பாலும் அட்டையிலேயே சொல்லிவிடுவார்கள். சொல்லாதவையும் உண்டு. பூமியின் வயது என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சுமார் 450 கோடி ஆண்டுகள் என்று இருந்தால் சரி, சில ஆயிரம் ஆண்டுகள் என்று இருந்தால் அது அறிவியல் புத்தகம் இல்லை. வரலாற்றில் உலக வரலாறு என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு உள்ளடக்கத்தைப் பாருங்கள். ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எத்தனை பக்கம், அவை ஐரோப்பியக் கப்பல் வந்து சேர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கின்றனவா? இதற்காக ஒரு நல்ல கதைசொல்லிப் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, பக்கத்தில் இன்னொன்றை வைத்து வாசிக்கலாம். தெரிந்து வாங்குங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

வகுப்பு எண்ணை நம்பி வாங்க வேண்டாம். ஒரு பதிப்பகத்தின் நாலாம் வகுப்பு இன்னொன்றின் ஐந்தாக இருக்கும். பல பதிப்பகங்கள் நிலை கண்டறியும் தேர்வை இலவசமாகத் தருகின்றன. அதைச் செய்துவிட்டு வாசிப்பில் ஆறு, கணக்கில் நாலு என்று வந்தால் அப்படியே வாங்குங்கள், பக்கத்து வீட்டுக்குத் தெரியப் போவதில்லை. எல்லாப் பாடமும் ஒரே பெட்டியில் வரும் தொகுப்புகளில் இந்த வசதி குறைவு. முதல் வருஷம் தலை சுற்றும்போது பெட்டி உதவும், மறுக்க மாட்டேன். அதற்கப்புறம் பெட்டிக்கேற்பப் பிள்ளையை மடக்க வேண்டியிருக்கும்.

வாங்குகிற சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதித் தீர்க்கிற ஒர்க்புக் ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக வாங்க வேண்டும், அதை ஜெராக்ஸ் எடுக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிப்பதில்லை. குடும்ப உரிமத்தோடு வரும் பிடிஎஃப் என்றால் உங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் அச்சடிக்கலாம், உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பழைய புத்தகம் வாங்கும்போது மாணவர் புத்தகமும் கையேடும் ஒரே பதிப்பா என்று கட்டாயம் கேளுங்கள், பக்க எண் மாறினால் தினமும் காலையில் எரிச்சல். சந்தா முறையில் வரும் ஆன்லைன் பாடங்களில், நிறுத்தினால் பிள்ளை செய்த வேலையின் பதிவு கையில் இருக்குமா என்று பாருங்கள், ஏனென்றால் அந்தப் பதிவைக் கேட்கிற அரசுகள் இருக்கின்றன.

அதுவும் ஒரு விஷயம். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம், வீட்டுக்கல்விக்கு ஏறக்குறைய இடமே இல்லை. இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் பெற்றோருக்கு இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நீங்கள் இருக்கிற இடத்தின் விதியைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். பதின்வயதுப் பிள்ளை பொதுத் தேர்வு எழுதப் போகிறது என்றால் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்: முதலில் தேர்வு வாரியம், அடுத்து அதன் சிலபஸ், அதற்குப் பிறகுதான் புத்தகம். கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு மட்டத்துச் சர்வதேசத் தேர்வு) போன்ற தேர்வுகளைப் பள்ளியில் சேராமல் தனித்தேர்வராக எழுதலாம், சிலபஸும் சில பழைய வினாத்தாள்களும் அவர்கள் தளத்திலேயே உண்டு. அறிவியலில் ஆய்வகம் இல்லாதவர்களுக்குச் செய்முறைக்குப் பதிலாக எழுத்துத் தாள் ஒன்று இருக்கிறது, வாங்குகிற புத்தகம் அதற்குப் பயிற்சி தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு மையம் தனித்தேர்வர்களை ஏற்குமா என்பதைப் புத்தகம் வாங்கும் முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஆறு ஏழு வயசுப் பிள்ளை என்றால் இவ்வளவு யோசனை தேவையே இல்லை. கணக்குக்கு ஒன்று, வாசிக்கப் பழக ஒன்று, மீதிக்கு நூலகம். வருஷத்துக்குமான எல்லாவற்றையும் முதல் மாதமே வாங்கிக் குவிக்காதீர்கள், இந்த இரண்டையும் இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள்.

வாங்கிய பிறகு பொருந்தவில்லை என்று எப்போது முடிவு செய்வது? பிள்ளை புதுப் பாடத்தில் முகம் சுளிப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், கஷ்டமான பாடம் என்றால் யாரும் சுளிப்பார்கள். தெரிந்த பாடத்திலும் சுளிக்கிறதா? அது கவனிக்க வேண்டியது. அதை விட உறுதியான அடையாளம் நம்மிடம் இருக்கிறது. எந்தப் பாடத்தை நாம் "அப்புறம் பார்க்கலாம்" என்று சாயங்காலத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறோமோ, அந்தப் புத்தகம் நமக்குச் சரியில்லை. நடுவில் நிறுத்தலாம், எந்தக் குற்றமும் இல்லை. பள்ளிகளிலும் கடைசி இரண்டு அத்தியாயம் நடக்காமல் போவது உண்டு. விட்ட இடத்தைப் புதுப் புத்தகத்தின் உள்ளடக்கப் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்ட தலைப்பை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு தொடருங்கள். நிறுத்திய புத்தகத்தை விற்கும்போது மாணவர் புத்தகத்தைத் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள். கையேடு நல்லதாக இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எங்கே தடுமாறும் என்று எழுதிய பக்கங்கள் எந்தப் புத்தகத்தை வைத்து நடத்தினாலும் பயன்படும், இரண்டாவது பிள்ளை அந்த வயசுக்கு வரும்போது தேடுவீர்கள்.